யோப்பா, யாஃபா, யாஃபோ

கடவுள் சொன்ன ஊருக்குப் போக மனமில்லாமல் யோனா தீர்க்கதரிசி கூலி கொடுத்துக் கப்பலேறிய இடம் யோப்பா. தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் பேதுரு தங்கியிருந்ததும் அங்கேதான். ஞாயிறு பள்ளிக்குப் போய் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. அதே ஊர் அரபியில் யாஃபா, எபிரேயத்தில் யாஃபோ. ஐரோப்பியப் பழக்கடைக்காரருக்கு ஜாஃபா, அதாவது ஆரஞ்சுப் பெட்டியின் மேல் அச்சடித்த பெயர். இத்தனை பெயர் இருந்தும் இன்று அது தனி ஊர் இல்லை. டெல் அவிவ்-யாஃபோ என்கிற இஸ்ரேலிய மாநகராட்சியின் தெற்கு மூலை.

நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை தலைகீழ். டெல் அவிவ்தான் யாஃபாவின் புறநகர். 1909 ஏப்ரலில், யாஃபாவின் நெரிசலிலிருந்து விலகி வாழ விரும்பிய 66 யூதக் குடும்பங்கள் ஊருக்கு வடக்கே மணல்மேட்டில் கூடி, கிளிஞ்சல்களைக் குலுக்கிப் போட்டு மனை பிரித்துக்கொண்டன. அந்த நாளின் புகைப்படம் ஒன்று இஸ்ரேலில் ரொம்பப் பிரபலம். மணல், மணல்மேல் கோட்டும் தொப்பியுமாக ஒரு கூட்டம், வேறொன்றுமில்லை. வெறும் மணலிலிருந்து எழுந்த நகரம் என்று சொல்வதற்கு வசதியான படம். சட்டகத்தைக் கொஞ்சம் தெற்கே தள்ளி வைத்திருந்தால் யாஃபா விழுந்திருக்கும்.

அந்த யாஃபாவை வாழவைத்தது ஒரு பழம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் ‘ஷமூட்டி’ என்ற ரகம் தோன்றியது. சற்றே நீள்வட்ட வடிவம், விதை மிகக் குறைவு, தோல் தடிமன். தின்பவருக்கு விதையில்லாதது பெரிது. வியாபாரிக்குத் தோல்தான் பெரிது. வாரக்கணக்கில் கப்பலில் கிடந்தும் அழுகாமல் லிவர்பூல் போய்ச் சேர்ந்தது அந்தத் தோலின் புண்ணியம். ஆனாலும் அதைக் குழந்தையைப் போலத்தான் கையாண்டார்கள். பழத்தைப் பிய்த்து எடுக்காமல் காம்போடு கத்தரித்து, ஒவ்வொன்றையும் மெல்லிய காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, மரப்பெட்டியில் வரிசை பிசகாமல் அடுக்கி, மேலே பட்டை வளைத்து ஆணி அடிப்பார்கள். நகம் பட்டு ஒரு பழம் கெட்டால் பெட்டி முழுக்கக் கெட்டுவிடும்.

பெட்டி கரைக்கு வந்த பிறகும் பாடு தீராது. யாஃபா துறைமுகம் என்று பெயரே தவிர, பெரிய கப்பல் அங்கே ஒட்ட முடியாது, முகத்துவாரத்தில் பாறைகள். கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகுக்காரர்கள் பாறைகளுக்கு நடுவே புகுந்து, அலையின் ஏற்றம் இறக்கம் பார்த்துப் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். 1938-39 பருவத்தில் பாலஸ்தீனத்திலிருந்து ஏற்றுமதியானவை 1.5 கோடிப் பெட்டிகளுக்கு மேல். தோட்டங்களில் ஏறத்தாழ பாதி அரபியருடையவை, பாதி யூதருடையவை.

பழம் கொண்டுவந்த பணத்தில் ஊர் பெருத்தது. 1892இலேயே ஜெருசலேமுக்கு ரயில் ஓடியது. துருக்கிய சுல்தான் அப்துல் ஹமீதின் வெள்ளி விழாவையொட்டிக் கட்டிய மணிக்கூண்டு சதுக்கத்தில் நின்றது. ‘ஃபலஸ்தீன்’ பத்திரிகை 1911இல் தொடங்கியது இங்கேதான். நாட்டின் பெயரையே தலைப்பாக வைத்துக்கொண்ட ஏடு. 1937இல் அல்ஹம்ரா என்ற பிரம்மாண்டமான சினிமா கொட்டகை வந்தது. வேலை தேடி சிரியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் இந்த ஊருக்கு ‘உம்முல் கரீப்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்நியரின் தாய் என்று பொருள்.

ஊர் சொர்க்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இருக்கவில்லை. 1921 மே முதல் நாள் யாஃபாவில் வெடித்த கலவரம் சில நாள் நீடித்து, 47 யூதர்களும் 48 அரபியரும் மாண்டார்கள். நவீன எபிரேய இலக்கியத்தின் முன்னோடிகளில் ஒருவரான யோசெஃப் ஹைம் ப்ரென்னர் அதில் கொல்லப்பட்டார். யூதக் குடியேற்றம் பெருகப் பெருக, நிலம் கைமாறக் கைமாற, அச்சம் இரு பக்கமும் தடித்தது. 1936இல் அரபியர் பொது வேலைநிறுத்தம் தொடங்கித் துறைமுகத்தை மூடினார்கள். அப்போது நாட்டை ஆண்ட பிரிட்டனுக்கு வைத்த அடி அது. விழுந்தது வேறிடத்தில். ஒரே மாதத்தில் டெல் அவிவ் தனக்கென்று ஒரு மரத்துறையைக் கட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் ராணுவமோ கலகக்காரர்கள் ஒளியும் பழைய யாஃபாவின் சந்துகளை வெடிவைத்துத் தகர்த்து, இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்துவிட்டு, ‘நகர மேம்பாடு’ என்று அறிவித்தது. இந்த வார்த்தைக்கு வயது அதிகம்.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்தை இரண்டு நாடுகளாகப் பிரிக்கத் தீர்மானித்தது. (எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.) அந்த வரைபடத்தில் யாஃபாவைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. யூத நாட்டுக்கு ஒதுக்கிய நீண்ட கடற்கரையின் நடுவே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மட்டும் அரபு நாட்டைச் சேர்ந்தது. மூன்று பக்கம் வேற்று நாடு, நான்காம் பக்கம் கடல். எழுபதாயிரம் அரபியர் வாழ்ந்த ஊரை யூத நாட்டில் சேர்ப்பது அநியாயம் என்று நினைத்துத்தான் அந்தப் புள்ளியை வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். புள்ளியை யார் காப்பது என்று மட்டும் எழுதாமல் விட்டார்கள்.

அடுத்த ஐந்து மாதம் யாஃபாவும் டெல் அவிவும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. ஹசன் பெக் பள்ளிவாசலின் மினாரிலிருந்து டெல் அவிவ் தெருக்களைக் குறிபார்த்தார்கள் அரபியர். 1948 ஜனவரி 4 அன்று, ஆரஞ்சு ஏற்றிய லாரி ஒன்று யாஃபாவின் பழைய அரசு மாளிகை அருகே வந்து நின்றது. ஆரஞ்சுக்கு அடியில் வெடிமருந்து. வைத்தது லெஹி என்ற யூத ஆயுதக் குழு. அந்த ஊரில் ஆரஞ்சு லாரியை யார் சந்தேகப்படுவார்கள்?

ஏப்ரல் 25 அன்று இர்குன் என்ற இன்னொரு யூத ஆயுதக் குழு, டெல் அவிவை ஒட்டிய மன்ஷீயா வட்டாரத்தைத் தாக்கியது. ஊருக்குள் பீரங்கிக் குண்டுகள் மழையாக விழுந்தன. சாலைகள் பாதுகாப்பில்லாதபோது யாஃபாக்காரர்களுக்குத் தெரிந்த வழி கடல். ஆரஞ்சு சுமந்த படகுகளில் ஆட்கள் ஏறினார்கள், காஸாவுக்கும் லெபனானுக்கும். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர்கள் அநேகம். மே 13 அன்று ஊர் யூதர்களின் முதன்மைப் படையான ஹகானாவிடம் சரணடைந்தது. மறுநாள் டெல் அவிவில் இஸ்ரேல் பிரகடனமானது. யாஃபாவில் மிஞ்சிய அரபியர் நாலாயிரம் பேருக்குள்.

மிஞ்சியவர்களை அஜமி என்ற வட்டாரத்தில் ஒன்றாகக் குவித்து முள்வேலி போட்டு ராணுவ ஆட்சிக்குள் வைத்தார்கள். காலியான வீடுகளுக்குக் கப்பல் கப்பலாக வேறு அகதிகள் வந்து இறங்கினார்கள். பல்கேரியாவின் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1948-49இல் மூட்டை கட்டி வந்தவர்கள். அவர்களில் ஏராளமானோர் யாஃபாவில் குடியேற, அதற்குக் ‘குட்டி பல்கேரியா’ என்றே பெயர் வந்தது. நாஜிகளின் ரயிலிலிருந்து மயிரிழையில் தப்பியவர்கள். இன்னொருவரின் அடுப்படியில் அவர்கள் உலை வைத்தபோது அவர்களுக்கும் போக வேறிடம் இல்லை என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. சில வீடுகளில் ஓர் அறையில் அரபுக் குடும்பம், அடுத்த அறையில் யூதக் குடும்பம், பொதுச் சமையலறை. 1950இல் வந்த ‘இல்லாதோர் சொத்துச் சட்டம்’ ஓடிப்போனவரின் வீட்டையும் தோப்பையும் அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஊரைவிட்டு ஓடாமல் அஜமிக்குத் துரத்தப்பட்டவர்கள் சிலருக்கும் அதே கதி. அரைமணி நடந்தால் எட்டும் தூரத்தில் வீடு, சட்டப்படி அவர் ‘இல்லாதவர்’. அதே ஆண்டு இரு நகரங்களும் ஒன்றாயின, டெல் அவிவ்-யாஃபோ என்று.

இன்றைக்கு அந்த ஊருக்குப் போகும் பயணி முதலில் காண்பது பழைய யாஃபாவின் குன்று. கல் சந்துகள் பளிச்சென்று துடைத்துவைத்தது போல இருக்கும். சந்துகளுக்கு ராசிகளின் பெயர்கள். மேஷச் சந்து, ரிஷபச் சந்து என்று தேடிப் போகலாம். 1960களில் அதை ஓவியர் குடியிருப்பாக்கினார்கள். ஒரு முடுக்கில், பானை போன்ற கூட்டில் ஒரு ஆரஞ்சு மரம் சங்கிலிகளில் தொங்குகிறது. தரையில் கால் படாத மரம், உயிரோடு. ரான் மோரின் என்ற இஸ்ரேலியச் சிற்பி 1993இல் அமைத்தது. எல்லோரும் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். தோப்புகள் பெரும்பாலும் குடியிருப்புகளாகிவிட்டன. சரக்குக் கப்பல் வேலை 1965இல் அஷ்தோத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. ‘ஜாஃபா’ என்கிற பெயர் மட்டும் பழத்தின் மேல் பத்திரமாக இருக்கிறது.

அஜமியில் ஒரு காலத்தில் குப்பை கொட்டிய கடலோரம் இப்போது பூங்கா. அங்குள்ள பழைய வீடுகளுக்கு வளைவுச் சன்னல் மூன்று, பூவேலை செய்த தரை ஓடு, உயரமான கூரை. வீட்டுத் தரகர் விளம்பரத்தில் ‘அசல் அரபு வீடு’ என்று போட்டால் விலை எங்கோ போகும். அந்த விலைக்கு வாங்க அரபியர் யாரால் முடியும்? அரசு வாடகை வீட்டில் இரண்டு தலைமுறையாக இருந்தவர்களுக்கு ‘வாங்கிக்கொள், இல்லாவிட்டால் காலிசெய்’ என்று நோட்டீஸ் வந்ததை எதிர்த்து 2021 ஏப்ரலில் தெருவில் இறங்கினார்கள். மறுமாதம் காஸாவில் போர் மூண்டபோது யாஃபாவிலும் தீ வைப்பும் அடிதடியும் நடந்தன. 2009இல் ‘அஜமி’ என்ற பெயரிலேயே ஓர் அரபியரும் ஒரு யூதரும் சேர்ந்து எடுத்த படம் ஆஸ்கர் போட்டிவரை போனது. அல்ஹம்ரா கொட்டகையில் இப்போது சயன்டாலஜிக்காரர்களின் மையம். யாஃபாவில் இன்று மூன்றில் ஒருவர் அரபியர்.

அல்ஹம்ரா நிற்கும் பெருவீதிக்கு முதலில் துருக்கியத் தளபதி ஜமால் பாஷாவின் பெயர்; பிறகு ஜார்ஜ் மன்னர் பெயர்; இப்போது ஜெருசலேம் பெருவீதி. 2023 ஆகஸ்டிலிருந்து அதன் நடுவே டிராம் ஓடுகிறது. 2024 அக்டோபர் 1 மாலை, மேற்குக் கரையின் ஹெப்ரானிலிருந்து வந்த இருவர் அந்த வீதியின் டிராம் நிறுத்தம் ஒன்றில் சுட்டு ஏழு பேரைக் கொன்றார்கள். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் மாண்டிருந்தார்கள், 251 பேர் பணயமாகப் போயிருந்தார்கள். பதிலுக்குத் தொடங்கிய போரில் காஸாவில் இறந்தோர் கணக்கு 2025 அக்டோபருக்குள் 67,000ஐத் தாண்டியது. காஸாவின் கடலோர ஷாத்தி முகாம் 1948இல் யாஃபாவிலிருந்தும் லித்தாவிலிருந்தும் ஓடிவந்தவர்கள் கூடிய இடம், அதுவும் இடிபாடாகிவிட்டது.

ராஜதந்திரிகள் ‘இரு நாடுகள்’ என்று பேசும்போது அவர்களின் ‘அன்று’ 1967. அந்த ஆண்டின் போருக்கு முந்தைய கோடுதான் எல்லை என்பார்கள். பிரிட்டனும் பிரான்ஸும் 2025 செப்டம்பரில் அங்கீகரித்த பாலஸ்தீன நாட்டின் பேச்சிலும் அந்தக் கோடுதான். இந்தியா 1988லேயே அங்கீகரித்துவிட்டது. அந்தக் கோட்டை வரைந்தால் யாஃபா பேச்சிலேயே வராது. யாஃபாக்காரர்களின் ‘அன்று’ 1948. யூதக் குடியேற்றக்காரரைக் கேட்டால் யோனாவின் காலத்துக்குப் போவார். ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் வேறு வேறு நாள்காட்டியைக் கையில் வைத்திருந்தால் நிலத்தை எப்படி அளப்பது? பலமுறை நடந்த பேச்சுவார்த்தைகள் முறிந்ததற்கு நூறு காரணம் சொல்வார்கள். எனக்கு இது பெரிய காரணமாகத் தெரிகிறது.

மேற்குக் கரையில் நாப்லுஸ் நகரத்தை ஒட்டிய பலாத்தா முகாமில், கால் சதுர கிலோமீட்டர் இடத்தில், முப்பதாயிரத்துக்கு மேல் அகதிகள் பதிவாகியிருக்கிறார்கள். பெரும்பாலோர் யாஃபாவையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்தவர்களின் வாரிசுகள். முகாமின் பண்பாட்டு மையத்துக்கே யாஃபா என்றுதான் பெயர். ஊர் எது என்று கேட்டால் அங்கே பிறந்த பேரனும் யாஃபா என்பான். தூரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். 1972இலிருந்து 1991 வரை பொது அனுமதி இருந்ததால் பெரியவர்கள் பலர் போய்த் தங்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் தனித்தனி அனுமதிச் சீட்டு, சோதனைச் சாவடி, 2002இலிருந்து சுவர்.

இடையில் சில ஆண்டுகள் நோன்புப் பெருநாளை ஒட்டி இஸ்ரேல் தாராளமாக அனுமதி கொடுத்தது. மேற்குக் கரையிலிருந்து பேருந்துகள் நிறையக் குடும்பங்கள் வந்து இறங்கின. பிள்ளைகள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள். துணியோடு அலையில் விழுந்து எழுந்தார்கள். யாஃபாவுக்கு வடக்கே கடலோரத்தில் சார்ல்ஸ் க்ளோர் பூங்கா என்று பரந்த புல்வெளி ஒன்று உண்டு. மன்ஷீயாவை இடித்த கல்லையும் மண்ணையும் கொட்டி மேடாக்கி அதன்மேல் போட்ட புல். பெரியவர்கள் அங்கே பாய் விரித்து, கரி மூட்டி, இறைச்சி சுட்டார்கள். எதிரே மன்ஷீயாவின் ஒரு வீட்டு இடிபாட்டுக்கு மேல் கறுப்புக் கண்ணாடி எழுப்பி இர்குன் வெற்றிக்கு அமைத்த அருங்காட்சியகம். பக்கத்தில் ஹசன் பெக் பள்ளிவாசல். 2023 அக்டோபரோடு அந்த அனுமதி நின்றது. பலாத்தாவின் சிறுவர்கள் கடலைப் பார்த்த அண்ணன்மாரிடம் தண்ணீர் உண்மையிலேயே உப்பா என்று கேட்டுக்கொண்டிருக்கும் வயதில் இருக்கிறார்கள்.