ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு: மாலத்தீவு வழியே ஒரு பாடம்

பத்தாம் வகுப்பு வரலாற்றில் இரண்டாம் உலகப்போரை நடத்தி முடிக்கும்போது ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதுச்சபை, பாதுகாப்புச் சபை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "பொதுச்சபையில் 193 நாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு" என்றேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், எங்க அப்பா தோணியில மாலத்தீவுக்குக் காய்கறி கொண்டு போவாங்க. மாலே ஊரை நடந்தே சுத்தி வந்துரலாம்னு சொல்வாங்க. அந்த நாட்டுக்கும் நமக்கும் ஒரே ஓட்டா?"

"ஆமாம்" என்றேன்.

"அந்த ஒரு ஓட்ட வச்சு அவங்க என்ன சார் செய்வாங்க?"

அன்று சரியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும், அதை வகுப்பில் நடத்திய விதத்தையும் இங்கே பகிர்கிறேன்.

நம் கடலின் அண்டை வீட்டுக்காரர்

தூத்துக்குடி மாணவர்களுக்கு மாலத்தீவு வெறும் வரைபடப் புள்ளி அன்று. இங்கிருந்து தோணிகள் அங்கே போகின்றன. 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலத்தீவுக்கு நேரடிச் சரக்குக் கப்பல் சேவையும் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகள் கொண்ட அந்நாட்டின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்றே அதிகம். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் மட்டும் பதினேழரை லட்சம் பேர். அங்குள்ள நிலப்பரப்பில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை.

1965 ஜூலை 26 அன்று விடுதலை பெற்ற மாலத்தீவு, இரண்டு மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 21 அன்று ஐ.நா.வில் சேர்ந்தது. 1976 ஜூலையில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மன்னார் வளைகுடாவில் தங்கள் கடல் எல்லைகள் கூடும் புள்ளியை வரையறுத்தன. நாம் முத்துக்குளித்த அதே வளைகுடாவில் மூன்று நாடுகளின் முச்சந்தி இருக்கிறது என்றதும் மாணவர்கள் வரைபடத்தின் அருகே வந்துவிட்டார்கள். அளவில் எவ்வளவோ வேறுபட்ட மூன்று நாடுகள். ஒப்பந்தத்தில் மூன்றின் கையெழுத்துக்கும் ஒரே மதிப்பு.

பயத்தைப் பேச்சாக்கியவர்கள்

1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேக்குள் புகுந்து பெரும் சேதம் விளைவித்தன. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் மமூன் அப்துல் கயூம் ஐ.நா. பொதுச்சபையில் பேசினார். கடல் மட்டம் உயர்ந்தால் தம்முடையதைப் போன்ற நாடுகளே இல்லாமல் போகும் என்று எச்சரித்தார். காலநிலை மாற்றம் என்ற சொல் நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறாத காலம் அது. 1989 நவம்பரில் சிறு நாடுகளின் மாநாடு மாலேயில் கூடியது. அடுத்த ஆண்டே சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவானது. இன்று அதில் 39 உறுப்பினர்கள். ஒரு குரல் 39 குரல்களாகப் பெருகியது இப்படித்தான். புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்ற வரி 2015 பாரிஸ் உடன்படிக்கையில் இடம்பெற்றதில் இந்தக் கூட்டணியின் விடாமுயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

இடையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. 1988 நவம்பரில் வெளியிலிருந்து வந்த ஆயுதக் குழு ஒன்று மாலேயைத் தாக்கியது. இந்தியப் படை விரைந்து சென்று காப்பாற்றியது. அடுத்த ஆண்டு, சிறு நாடுகளின் பாதுகாப்பு குறித்த தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேற மாலத்தீவு முன்நின்றது. பெரிய படை வைக்க முடியாத நாட்டுக்குச் சட்டமும் நட்பும்தான் காவல்.

46 வாக்கும் 143 வாக்கும்

மாணவர்களை மிகவும் ஈர்த்த பகுதி இது. 2018 ஜூனில் பாதுகாப்புச் சபையின் நிரந்தரமற்ற இடத்துக்கு மாலத்தீவு போட்டியிட்டது. இந்தோனேசியாவுக்கு 144 வாக்குகள், மாலத்தீவுக்கு 46. மூன்றே ஆண்டுகளில், 2021 ஜூனில், பொதுச்சபைத் தலைவர் தேர்தலில் அதன் வெளியுறவு அமைச்சர் அப்துல்லா ஷாஹித் 143 வாக்குகள் பெற்று வென்றார். எதிர்த்து நின்ற ஆப்கானிஸ்தான் வேட்பாளருக்கு 48.

நாடு அதே நாடுதான். இம்முறை 2018 இறுதியிலேயே வேட்பாளரை அறிவித்து, பல நாடுகளின் ஆதரவைப் பொறுமையாகத் திரட்டியது. 2020-இல் இந்தியா தன் ஆதரவை வெளிப்படையாகவே தெரிவித்தது. 2022 மார்ச்சில் உக்ரைன் போர் குறித்து உலக நாடுகள் வாக்களித்த அவசரக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் இந்தத் தீவு நாட்டுக்காரர்தான்.

வகுப்பறையில் ஒரு பொதுச்சபை

அடுத்த வாரம் வகுப்பை ஏழு "நாடுகளாக"ப் பிரித்தேன். ஒரு குழுவில் பன்னிரண்டு பேர். இன்னொன்றில் இரண்டே மாணவிகள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வாக்குச்சீட்டு மட்டும். இருவர் குழுவின் கோரிக்கை: "எங்கள் தீவு மூழ்குகிறது, எல்லோரும் புகையைக் குறைக்க வேண்டும்." அவர்கள் பெரிய குழுவிடம் போகவே இல்லை. முதலில் சின்னக் குழுக்களிடம் சென்று, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். ஐந்துக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. தொடக்க வகுப்புகளில் இதையே "விளையாட்டுத் திடலை யார் எப்போது பயன்படுத்துவது?" என்ற கேள்வியோடு நடத்தலாம்.

அப்போது ஒருவன் கேட்டான்: "பெரிய குழு இதை மதிக்கலைன்னா?"

நல்ல கேள்வி, மறைக்காமல் பதில் சொன்னேன். பொதுச்சபைத் தீர்மானங்கள் பெரும்பாலும் நாடுகளைக் கட்டுப்படுத்தாது. தீர்மானங்கள் எத்தனையோ வந்தபின்னும் கடல் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2019-இல் பசிபிக் தீவுகளின் சட்டக்கல்லூரி மாணவர்கள் 27 பேர் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். வனுவாட்டு என்ற குட்டி நாடு அதை ஐ.நா.வுக்கு எடுத்துச் சென்றது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரை வழங்கியது. வகுப்பறையில் தொடங்கிய பேச்சு ஹேக் நகரம் வரை போனது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் சுருங்கி வந்தது. அதைக் காக்கக் கடலடியில் செயற்கைத் திட்டுகள் இறக்கப்பட்டன. முன்பு பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாலத்தீவின் பயம் நமக்கும் அந்நியமன்று.

கேள்வி கேட்ட மாணவன் பாடத்தின் முடிவில் சொன்னான்: "அப்பா வந்ததும் சொல்லணும் சார். அந்த ஊருக்காரங்க சும்மா ஆளு இல்லன்னு."