வேர்க்கசிவும் நூற்புழுவும்

பூவிருந்தவல்லிப் பக்கத்தில் கத்தரிச் செடி நண்பகலில் வாடினால் அங்கத்தினர்கள் தண்ணீரையும் எருவையுமே நொந்துகொள்கின்றனர். செடியைப் பிடுங்கி வேரை நோக்குமாறு வேண்டுகிறோம். முடிச்சுகள் காணின், அது நூற்புழுவின் வேலை. நீலகிரித் தேவாலாவில் தேயிலை வேரில் பார்பர் 1901இல் கண்டதும் வேர்முடிச்சு நூற்புழுவே.

கண்ணுக்குப் புலனாகாத இப்புழு வேர்க்கசிவை உணர்ந்தே நெருங்குகிறது. அக்கசிவு பட்டதும் அதன் சுரப்பிகள் தூண்டப்பெற்று, ஊசி போன்ற வாயுறுப்பின் வழியே நொதிகளை உமிழும். வேரணுக்களின் சுவர் இளகி வழிவிடும். அச்சுவரிலுள்ள செல்லுலோஸைக் கரைக்கும் நொதியை இத்தகைய நூற்புழுக்கள் தாமே ஆக்குகின்றன என்பது 1998இல் மெய்ப்பட்டது. (நம் நெசவாளர் கைப்படும் பஞ்சிழையும் செல்லுலோஸே.)

அறுவடைக்குப் பின் முடிச்சு வேர்களை எரித்துவிட்டு, ஒரு போகம் துலுக்கச் சாமந்தி இடலாம். அதன் வேரிலுள்ள பொருள் இப்புழுவுக்கு நஞ்சு. நாற்று வாங்குவோர் வேரைப் பார்த்தே வாங்குக.