நடையறிந்து குதிரை கொள்ளல்

குதிரையேற்றம் முற்காலத்தில் அரசர்க்கும் வீரர்க்கும் தூதர்க்கும் இன்றியமையாத கலையாயிருந்தது. புகைவண்டியும் மோட்டாரும் பெருகிய பின்னர், அது பல நாடுகளில் உடற்பயிற்சியாகவும் உள்ளக் களிப்பிற்குரிய பொழுதுபோக்காகவும் நிலவுகின்றது. இளமைதொட்டுக் குதிரையேறிப் பழகிய ஒருவர் நடுவயதில் முதுகு நோயுறுவாராயின், ‘இனிச் சேணத்தைத் தொடவே கூடாதோ?’ என்று ஏங்குதல் இயல்பே. அத்தகையோர்க்கு முதற்கண் வேண்டுவது வைத்தியரின் இசைவாகும். முள்ளெலும்புகளின் இடையேயுள்ள வட்டுப் பிதுங்கியவர்க்கும், அதனாற் கால் மரத்துப் போனவர்க்கும், எலும்பு நொய்ந்தவர்க்கும் சவாரி பெருந்தீங்காய் முடிதல் கூடும். வைத்தியர் இசைந்தபின் எழும் வினா, ‘எத்தகைய குதிரை?’ என்பதாம். அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் முன்னோர் குதிரையின் நடையை மயூரகதி, வானரகதி முதலாக ஐங்கதி என வகுத்தனர். மேனாட்டார் பொதுவாக நான்காக வகுப்பர். மெதுநடையில் நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாய் ஊன்றுதலின் நான்கு ஒலி கேட்கும். ‘டிராட்’ என்னும் குதியோட்டத்தில் வல முன்காலும் இடப் பின்காலும் ஒருங்கே ஊன்றும். அடுத்து மற்றை இரண்டும் ஒருங்கே ஊன்றும். ஆதலின் இரண்டே ஒலி. ‘கான்டர்’ என்பது மூன்றொலி உடையது. நாலுகாற் பாய்ச்சல் மீண்டும் நான்கொலி உடையது.

இவற்றுள் முதுகு நோயாளர்க்குப் பெரும்பகையாவது குதியோட்டமே. ஓரிணைக் கால்கள் தரையை விட்டு நீங்கி, மற்றோரிணை ஊன்றுமுன், குதிரையின் உடல் முழுதும் கணப்பொழுது அந்தரத்தில் நிற்கும். பின்னர் அது தரையில் இறங்குங்கால் எழும் அதிர்ச்சி, சேணத்தின் வழியே ஏறுவோனது இடுப்பிற் புகுந்து முதுகந்தண்டின் அடியைத் தாக்கும். ஒரு நாழிகைச் சவாரியில் இவ்வதிர்ச்சி ஆயிரக்கணக்கில் நேரும். தேர்ந்தவர் அங்கவடியில் ஊன்றி எழுந்தெழுந்து அமர்ந்து அதனைத் தணித்துக் கொள்வர். நொந்த முதுகுடையார்க்கோ அவ்வெழுச்சியே ஒரு துன்பமாம்.

ஆயின், சில இனக் குதிரைகட்கு இயற்கையிலேயே வேறொரு கதி அமைந்துள்ளது. அக்கதியில் மெதுநடையிற் போலவே நான்கு கால்களும் தனித்தனியே ஊன்றும், வேகமோ மிகும். எக்கணத்தும் ஒரு காலேனும் தரையைப் பற்றி நிற்றலின், உடல் அந்தரத்தில் எழுவதுமில்லை, விழுவதுமில்லை. இதனை யாம் மென்னடை என்போம். ஐரோப்பாவில் இடைக்காலத்து நெடுவழிப் பயணிகள் இதனைப் பெரிதும் விரும்பினர். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் தாம் பாடிய காண்டர்பரிக் கதைகளில், பாத் நகரத்து மாதினை மென்னடைக் குதிரையிலேயே ஏற்றி அனுப்புகின்றார்.

இந்நாளில் மென்னடைக்குப் பேர்பெற்ற இனங்கள் பல. அமெரிக்காவின் டென்னஸி நாட்டு நடைக்குதிரை அவற்றுள் ஒன்று. இவ்வினத்தைப் பதிவு செய்யும் சங்கம் 1935ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. இதன் பின்குளம்பு, முன்குளம்பு பதிந்த இடத்தைக் கடந்து முன்னே சென்று பதியும். தலையோ நடைக்கேற்ப அசைந்துகொண்டே வரும். தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் பாஸோவும், போர்ட்டோ ரிக்கோவிலும் கொலம்பியாவிலும் வளர்ந்த பாஸோ பினோவும் மற்றையவை. ஐஸ்லாந்துக் குதிரையின் மென்னடை ‘டோல்ட்’ எனப்படும். அது உருவிற் சிறியதாயினும் வளர்ந்த ஆளைச் சுமக்க வல்லது. உயரம் குறைந்தமையின் ஏறுதலும் இறங்குதலும் எளிது. நம் இந்தியாவிலும் மார்வாரிக் குதிரைகளும் கத்தியவாரிக் குதிரைகளும் ‘ரேவால்’ என்னும் மென்னடைக்குப் புகழ்பெற்றவை.

இத்திறம் பயிற்சியால் மட்டும் வருவதன்று. முதுகுத்தண்டின் நரம்புகளில் தொழில்புரிந்து கால்களின் ஒழுங்கை ஆளும் டி.எம்.ஆர்.டி.3 என்னும் மரபணுவில் நேர்ந்ததோர் மாற்றம் இதற்குப் பெருங்காரணம் என்பதைச் சுவீடன் நாட்டு உப்சாலா ஆராய்ச்சியாளரும் அவரோடு உழைத்தோரும் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

எனினும், இனத்தின் பெயர் ஒன்றையே நம்பிப் பொருள் கொடுத்தல் பேதைமையாம். ஓரினத்துள்ளும் நடை வேறுபடும். சில குதிரைகள் ஒரு பக்கத்து இரு கால்களையும் ஒருங்கே வீசி, ஒட்டகம்போற் செல்லும். அந்நடை இடுப்பைப் பக்கந்தோறும் உலுக்கும், அஃது மென்னடையன்று. இவற்றைப் பிரித்தறியச் செவியே சிறந்த கருவி. குதிரையைக் கெட்டித்தரையில் விரைந்து நடத்தி, கண்களை மூடிக் கேட்க. ‘தகதிமி, தகதிமி’ என நான்கொலியும் சமமாய் எழுமாயின் நன்று. ‘தக, தக’ என இரண்டிரண்டாய்ச் சேர்ந்து ஒலிக்குமாயின் அதனை விடுக. பாஸோ பினோப் போட்டிகளிற் பலகை பரப்பி அதன்மீது குதிரையை நடத்தி ஒலி தேர்வதும் இக்கருத்துப் பற்றியே.

அடுத்து உறுப்பமைதி காண்க. குளம்புக்கும் அதன் மேலுள்ள கணுவுக்கும் இடைப்பட்ட பகுதி, செங்குத்தாய் நின்றால் அதிர்ச்சியைத் தணியாது மேலே ஏற்றும். அளவாய்ச் சரிந்திருத்தல் வேண்டும். வயிறு மிக அகன்ற குதிரை ஏறுவோன் தொடைகளை அகலப் பிரித்து இடுப்பை வருத்தும். இவையனைத்தினும் மேலானது குணம். காற்றிலாடும் துணிக்கு வெருண்டு துள்ளும் குதிரை எத்துணை மென்னடை உடைத்தாயினும், ஒரு துள்ளலில் அத்துணை நலத்தையும் கெடுத்துவிடும். ஆதலின் பயிற்சி முற்றாத இளங்குதிரையைக் கொள்ளாது, பல்லாண்டு மனிதரைச் சுமந்து பழகியதையே கொள்க. முதலில் உடையவரை ஏறச்செய்து நோக்குக. பின் தாமே ஏறி, மேட்டிலும் பள்ளத்திலும் வெவ்வேறு நாளிற் செலுத்திப் பார்க்க. சவாரியின்போது தோன்றாத நோவு மறுநாட் காலையிலே தோன்றுமாதலின், அன்றே விலை பேசலாகாது. தரையினின்று தாவி ஏறாது, மேடையிட்டு ஏறுக.

இறுதியாக ஒன்று கூறுவோம். டென்னஸிக் குதிரைகளைக் காட்சியிற் பரிசு பெறுவித்தற்பொருட்டு, முன்கால்களில் எரிமருந்து பூசிச் சங்கிலி பூட்டி, வலி பொறாது அவை கால்களை உயரத் தூக்குமாறு செய்த கொடியாரும் உளர். அமெரிக்க அரசாங்கம் 1970ஆம் ஆண்டில் இதனைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. குளம்பின்மேல் மயிருதிர்ந்த வடுவும், தொட்டவுடன் காலை இழுத்துக்கொள்ளும் அச்சமும் இக்கொடுமையின் அடையாளங்கள். நோவினின்று தப்ப விழைவோன் மற்றோர் உயிரின் நோவை விலைகொடுத்து வாங்கலாமோ? குதிரைக்கும் முதுகு உண்டு. பொருந்தாச் சேணம் அதனைப் புண்படுத்தும். புண்பட்ட முதுகுடைய குதிரை விறைத்து நடந்து, ஏறியவனையும் வருத்தும். ஏறுவோன் முதுகு நோவாதிருக்க வேண்டின், சுமப்பதன் முதுகும் நோவாதிருத்தல் வேண்டும்.