சார்ஜர் வாங்கினால் பில்லையும் வாங்குங்கள்

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்து இறங்குகிறவர்களுக்கும், திருச்சி ஜங்ஷனில் இரவு வண்டிக்குக் காத்திருக்கிறவர்களுக்கும் வரும் பொதுவான கவலை, போனில் சார்ஜ் இறங்கிவிட்டது என்பதுதான். அவசரத்துக்கு நடைபாதைக் கடையில் நூறு ரூபாய்க்கு ஒரு சார்ஜர் கிடைக்கும். பெட்டி இருக்காது, பில்லும் இருக்காது. ஆனால் 230 வோல்ட் மின்சாரத்துக்கும் நம் உள்ளங்கைக்கும் நடுவே முதல் தடுப்பாக இருப்பது அந்தச் சார்ஜர்தான். அதைப் பார்த்து வாங்குவது நம் கடமை. அது கெட்டால் கேள்வி கேட்பது நம் உரிமை.

போன் எப்படித் தன்னைக் காக்கிறது?

கேபிளைச் செருகியவுடன் போன் கண்ணை மூடிக்கொண்டு மின்சாரத்தை இழுப்பதில்லை. எதிரில் இருப்பது சார்ஜரா, கணினியா என்று முதலில் சோதிக்கிறது. 2010-ல் வந்த யூ.எஸ்.பி. பேட்டரி சார்ஜிங் 1.2 விதிப்படி, போன் ‘டி பிளஸ்’ என்ற தகவல் கம்பியில் சுமார் 0.6 வோல்ட் கொடுத்து, அதன் இணையான ‘டி மைனஸ்’ கம்பியைக் கவனிக்கும். சுவர் சார்ஜருக்குள் இந்த இரண்டும் இணைக்கப்பட்டிருப்பதால் அதே அழுத்தம் மறு கம்பியிலும் தெரியும். சாதாரணக் கணினித் துளையில் தெரியாது. சார்ஜர் என்று உறுதியானால் 1.5 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். கணினி என்றால் அரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். டைப்-சி-யில் இந்தப் பேச்சுக்கென்றே தனிப் பின் உண்டு. அதன் வழியே ஒப்புக்கொண்ட பிறகே 5 வோல்ட்டை 9, 15, 20 என்று உயர்த்த வேண்டும் என்பது ‘பவர் டெலிவரி’ விதி.

அளவுக்கு மீறி வோல்ட் வந்தால், நல்ல போன்களில் உள்ள மிகைமின்னழுத்தப் பாதுகாப்புச் சுவிட்ச் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பாதையைத் துண்டிக்கும். ஆற்று மதகு போன்ற காவல் அது. மதகுக்கும் ஒரு தாங்கு அளவு உண்டு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 20 வோல்ட் தவறி வந்தால் தாங்கும் சுவிட்சுகள் உண்டு. மட்டமான சார்ஜருக்குள் காப்பு உடைந்து 230 வோல்ட் நேராகப் பாய்ந்தால் எந்தப் போனின் சுவிட்சும் தாங்காது.

ஆபத்து எங்கே?

கேபிளும் கெடுதல் செய்யும். 2016-ல் கூகுள் பொறியாளர் பென்சன் லியூங், டைப்-சி கேபிள் ஒன்றைச் சோதித்தபோது அவருடைய மடிக்கணினியும் சோதனைக் கருவிகளும் பழுதாயின. மின்கம்பியும் தரைக்கம்பியும் உள்ளே இடம் மாறியிருந்தன. 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் இருந்தது. அடுத்த மாதமே விதிக்கு ஒவ்வாத டைப்-சி கேபிள்களை அமேசான் தன் விற்பனைத் தளத்தில் தடை செய்தது.

டைப்-சி துளையில் பின்களுக்கு இடையே உள்ள தூரம் அரை மில்லிமீட்டர்தான். ஈரமோ, உடைந்த முனையோ இருந்தால் 20 வோல்ட் பக்கத்துப் பின்னுக்குத் தாவிவிடும். நனைந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள். கேபிளை வளைத்துப் பிடுங்காதீர்கள்.

வீட்டில் பல்புகள் திடீரென்று அதிகமாக எரிந்து, ஃபேன் வேகமெடுத்தால் நியூட்ரல் கட் ஆகியிருக்கலாம். அப்போது 400 வோல்ட் வரை உள்ளே வரக்கூடும். மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியச் சேவை மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழையுங்கள்.

பொது இடத்து யூ.எஸ்.பி. துளை வழியே தகவல் திருடும் ‘ஜூஸ் ஜாக்கிங்’ பற்றி ரிசர்வ் வங்கி 2022-லேயே தன் விழிப்புணர்வுக் கையேட்டில் எச்சரித்திருக்கிறது. வெறும் சார்ஜர் உங்கள் படங்களைப் பார்க்க அனுமதி கேட்காது. கேட்டால், எதிரில் இருப்பது சார்ஜர் மட்டுமல்ல, உடனே கழற்றுங்கள். பொது இடங்களில் சொந்தச் சார்ஜரை சாதாரண பிளக்கில் செருகுவதே நல்லது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

வாங்கும் முன்

2012-ல் மத்திய அரசு பிறப்பித்த ஆணையின் வழியே அடாப்டர்களுக்கும், பின்னர் போன், பவர் பேங்க் ஆகியவற்றுக்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயமானது. சார்ஜரின் மேல் தர எண்ணும், ‘ஆர்’ என்ற எழுத்தை அடுத்து எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள். செயலி காட்டும் நிறுவனமும் பொருளும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள். அந்தச் செயலியிலேயே புகாரும் செய்யலாம். வாங்கிய சார்ஜர் தொட முடியாமல் சுட்டாலும், போனைத் தொடும்போது ஷாக் அடித்தாலும், சார்ஜ் ஏறும்போது மட்டும் திரை தானாக ஓடினாலும் அதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

கெட்டுப்போனால்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று எழுதி வைத்துவிட்டுக் குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். திரும்பத் தருவதற்கான காலத்தைப் பில்லில் குறிப்பிடாவிட்டால் அது 30 நாட்கள் என்று சட்டமே சொல்கிறது. குறைபாடுள்ள சார்ஜரால் போன் எரிந்தாலோ, உடலுக்குக் காயம் ஏற்பட்டாலோ தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். சட்டம் சொல்லும் சில சூழல்களில், உதாரணமாகத் தயாரிப்பாளர் யாரென்றே தெரியாதபோது, விற்றவரும் பொறுப்பேற்க வேண்டும்.

எரிந்த சார்ஜரைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. புகைப்படம் எடுங்கள், சர்வீஸ் சென்டரில் பழுதின் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடை சென்னையில் இருந்தாலும், இணையத்தில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே மனு செய்யலாம். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இவ்வளவு உரிமையையும் எளிதாக நிரூபிக்க உதவுவது, கடைக்காரர் தரும் அந்தச் சின்னத் தாள்தான். நூறு ரூபாய்ப் பொருளுக்கும் அதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் மின்சாரப் பொருள் எதையும் வாங்காதீர்கள்.