மூத்த பூனையும் புதுக்குட்டியும்

திரியாய் போன்ற வயல் ஊர்களில் அறுவடை முடிந்து நெல் மூட்டை வீட்டுக்கு வந்தால் எலியும் கூடவே வந்துவிடும். எலி பிடிக்கவென்று புதிதாக ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவருபவர்கள், அதை நேரே வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மூத்த பூனையின் முன்னால் இறக்கிவிடுகிறார்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

பூனை தன் வீட்டையும் உறவையும் மணத்தால்தான் அறிகிறது. கதவிலும் கதிரைக் காலிலும் கன்னத்தை உரசி உரசித் தன் மணத்தைப் பதித்து வைத்திருக்கிறது. ஆகவே முதல் ஒரு கிழமையாவது குட்டியைத் தனி அறையில் வையுங்கள். அறை இல்லாவிட்டால் ஒரு பெரிய கூடு போதும். குட்டி படுத்த துணியை மூத்ததிடமும், மூத்தது படுத்த துணியைக் குட்டியிடமும் மாற்றிப் போடுங்கள். மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். மற்றதன் மணம் வந்தால் மீனும் சோறும் வரும் என்று இரண்டும் பழகிவிடும்.

பிறகு நேரில் விடலாம், சில நிமிடங்கள் மட்டும். மூத்தது சீறும், அது இயல்பு. அதற்காக அதை அடிக்கவே கூடாது. அடித்தால் குட்டியின் மேல்தான் வெறுப்பு வளரும். காதைப் பின்னால் மடித்துத் துரத்தினால் நடுவில் ஒரு தலையணையை வையுங்கள், கையை அல்ல.

சண்டையில் கடியும் விழலாம்; விசர்நோய் பூனைக்கடியாலும் பரவும். இரண்டையும் கால்நடை வைத்தியரிடம் காட்டித் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.