மின்தொடரமைப்புத் திட்டமிடலில் செலவும் நம்பகத்தன்மையும்: செங்கல்பட்டுக் கடற்கரை

மின்தொடரமைப்புத் திட்டமிடல் என்பது, மின் நிலையங்களிலிருந்து துணைமின் நிலையங்களுக்கு எத்தனை உயர் அழுத்தத் தடங்கள், எந்த வழியில், எவ்வளவு வலுவுடன் தேவை என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் பணியாகும். தடங்கள் குறைந்தால் மின்தடை ஏற்படும். கூடினால் அந்தச் செலவு மின்கட்டணத்தில் ஏறும்.

இந்தியாவில் இதற்கான அளவுகோல்களை மத்திய மின்சார ஆணையம் வகுக்கிறது. அவற்றுள் அடிப்படையானது "என்–1" விதி. ஒரு தடமோ மின்மாற்றியோ பழுதானாலும், மீதமுள்ளவை மின்வெட்டின்றிச் சுமையைத் தாங்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

செலவையும் நிலத்தையும் மிச்சப்படுத்த, ஒரே கோபுரத்தில் இரண்டு மின்சுற்றுகளை அமைப்பது வழக்கம். ஒரு சுற்றில் பழுது ஏற்பட்டால் மற்றது கைகொடுக்கும். கோபுரமே சாய்ந்தால் இரண்டும் போய்விடும். கடற்கரையில் இது வெறும் ஐயமன்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகேயும், 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேயும் கரையைக் கடந்தன. உப்புக்காற்றும் ஒரு காரணம். மின்காப்பிகளில் படியும் உப்பு, பனி ஈரத்தில் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அடுத்தடுத்த தடங்கள் ஒரே இரவில் பழுதாகலாம். எனவே தடங்களின் எண்ணிக்கையை விட, அவை ஒரே காரணத்தால் சேர்ந்து விழுமா என்பதே முக்கியமான கேள்வி. இரண்டாம் தடத்தை வேறு வழியில் கொண்டுசெல்வது இதற்கு ஒரு தீர்வு, செலவு கூடும். புதைவடம் புயலுக்குத் தப்பும், ஆனால் மேல்நிலைத் தடத்தை விடப் பல மடங்கு விலை. பழுதைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று.

அந்தச் செலவு எங்கே தகும்? கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் தலா 220 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகளைக் கொண்டது. உலை நின்ற பிறகும் எரிபொருளில் வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கும்; குளிர்விக்கும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். ஆணையத்தின் கையேடு அணுமின் நிலையங்களுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு தொடக்க மின்வழங்கல்களைக் கேட்பது இதனால்தான். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வெளி மின்தடங்களைத் துண்டித்தது. பின்வந்த ஆழிப்பேரலை டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது. 2004 ஆழிப்பேரலையின்போது கல்பாக்கத்திலும் கடல்நீர் பம்பு நிலையத்தில் நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

நெம்மேலியின் கடல்நீர்க் குடிநீர் ஆலைகளின் கணக்கு வேறு. 2013இல் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும், 2024இல் திறக்கப்பட்டது 15 கோடி லிட்டரும் தரும் திறனுள்ளவை. ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் எனக் கொண்டால், தொடர்ச்சியாக 30 முதல் 40 மெகாவாட் வரை தேவை. இது பெரிய சுமைதான். ஆயினும் சில மணி நேரம் நின்றால் நீர்த்தேக்கங்களும் தொட்டிகளும் ஈடுசெய்யும். வழக்கமான என்–1 ஏற்பாடே போதும் எனலாம்.

இறால் குஞ்சு பொரிப்பகங்களில் காற்றூட்டம் சிறிது நேரம் நின்றாலே பெரும் இழப்பு. ஆனால் அவற்றின் மின்தேவை சிறியது. அவற்றுக்காக இன்னொரு உயர் அழுத்தத் தடம் இழுப்பதை விட, பண்ணையிலேயே ஒரு டீசல் மின்னாக்கி வைப்பது மலிவு.