கழுத்திற் கண்ட கட்டி

முகம் மழிக்கக் கண்ணாடியின்முன் நிற்கும் ஒருவர், எச்சிலை விழுங்கும்போது கழுத்தின் முன்புறத்தில் ஒரு சிறு திரட்சி ஏறி இறங்குவதைக் காண்கிறார். வேறேதோ நோய்க்கு எடுத்த ஸ்கான் படத்தில் அது தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு. அக்கணமே புற்றுநோய் என்னும் அச்சம் நெஞ்சைக் கவ்விக்கொள்கிறது. வெட்டி எடுத்துவிடுவதே மேல் என்று சுற்றத்தாரும் கூறுவர். நம் பழைய மாணவரிற் பலர் இக்கட்டிகள் மலியும் வயதை எய்திவிட்டமையால், இதுபற்றிச் சிறிது ஆராய்தல் நன்றெனக் கருதுகிறோம்.

தைரொயிட்டுச் சுரப்பியில் தோன்றும் கட்டிகளுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது தீங்கற்றவை. ஆதலின், கட்டி உண்டா என்பதன்று வினா. அது எத்தகையது என்பதே. சுரப்பி மிகையாகச் சுரக்கின்றதா என்பதை முதலில் இரத்தப் பரிசோதனை காட்டும். மிகையாகச் சுரக்கும் கட்டி புற்றாயிருப்பது அரிது. அடுத்து ஒலியலை ஸ்கான். ஓரம் ஒழுங்கற்றதா, அகலத்தினும் உயரம் மிக்கதா, நுண்ணிய சுண்ணப் பொட்டுகள் உளவா என்பனவே அங்கு நோக்கப்படுவன. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017இல் வகுத்த முறைப்படி, ஐயம் மிக்க கட்டியாயின் 1 சென்ரிமீற்றரிலேயே ஊசியேற்றிக் கலங்களை எடுத்துச் சோதிப்பர். ஐயம் சிறிதாயின் 2.5 சென்ரிமீற்றர்வரை பொறுப்பர். நீர் மட்டுமே நிறைந்த கட்டிக்கு இச்சோதனை வேண்டியதில்லை.

ஊசிச் சோதனை புற்றென்றே சொல்லினும், உடனே கத்தியை எடுத்தல் வேண்டுமா? யப்பானிலே, கோபே நகரின் குமா வைத்தியசாலையில், மியவுச்சி என்னும் சத்திர வைத்தியரின் முயற்சியால் 1993இல் ஒரு புதுவழி தொடங்கிற்று. 1 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, ஆபத்துக் குறைந்த புற்றுகளை வெட்டாது, காலந்தோறும் ஸ்கான் எடுத்துக் கண்காணித்தனர். 2014இல் வெளியான கணக்கின்படி, அவ்வாறு கண்காணிக்கப்பட்ட 1235 பேரிற் பத்தாண்டுகளில் நூற்றுக்கு எண்மருக்கே கட்டி 3 மில்லிமீற்றரோ அதனின் மேலோ வளர்ந்தது. அந்நோயால் இறந்தவர் எவருமிலர். முதியோரிலும் இளையோருக்கே வளர்ச்சி மிகுந்தமை வியப்புக்குரியது. முதுமைக்கும் இப்படியொரு சலுகை!

தென்கொரியாவிலோ வேறு கதை. ஆங்கு நோய்க்குறி எதுவுமில்லாதோருக்கும் ஸ்கான் பரவலாக எடுக்கப்பட்டமையால், 2011இல் தைரொயிட்டுப் புற்றுக் கண்டறியப்பட்ட வீதம் 1993ஆம் ஆண்டினதிலும் பதினைந்து மடங்காயிற்று. இறந்தோர் வீதமோ மாறவில்லை. சத்திரசிகிச்சை பெற்ற பதினையாயிரவருக்கு மேற்பட்டோரின் காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்குப் பதினொருவருக்குச் சுண்ணச்சத்தைக் காக்கும் அயற்சுரப்பிகள் பழுதுற்றிருந்தன. நூற்றுக்கு இருவருக்குக் குரல்நாண் செயலிழந்திருந்தது. ஆசிரியருக்கும் தேவாரம் ஓதுவாருக்கும் குரல் சிறுபொருளன்று. சுரப்பியை முழுதும் அகற்றினால் தைரொக்சின் மாத்திரையும் ஆயுள்வரை வேண்டும்.

எனினும், கண்காணித்தல் கைவிடுதலன்று. குரல் கம்மினும், கட்டி விரைந்து வளரினும், கழுத்தின் பக்கத்தில் நெறி கட்டினும், இளமையிற் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றிருப்பினும் தாமதம் ஆகாது. கட்டி மூச்சுக்குழாயை அழுத்துமாயின், தீங்கற்றதாயினும் அகற்றவேண்டி வரலாம்.

முந்திய படங்களையும் அறிக்கைகளையும் ஒரே கோவையில் இட்டு, வைத்தியரிடம் செல்லுந்தோறும் கொண்டுபோதல் வேண்டும். ஓரிரு மில்லிமீற்றர் வேறுபாடு அளப்பவர் கையாலும் நேரலாம்; மெய்யான வளர்ச்சியோ பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றித் தெளியாது.